185 பவுண்டு எஸ்ஸார்ட் சார்லஸும் ஒரு கணினிக் குத்துச்சண்டை மென்பொருளும்

குத்துச்சண்டையைத் தொடர்ந்து பார்க்கிறவர்கள் இருவர் சேர்ந்துவிட்டால், பேச்சு எங்கே தொடங்கினாலும் சிறிது நேரத்தில் "இவரை அவரோடு மோதவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்" என்ற கேள்வியில் வந்து நின்றுவிடும். எனக்கு அந்தக் கேள்வி பல ஆண்டுகளாக ஒரே மனிதரைத்தான் சுற்றி வருகிறது. அவர் 1940களிலும் 1950களிலும் ஆடிய அமெரிக்க வீரர் எஸ்ஸார்ட் சார்லஸ். 175 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 79.4 கிலோ எல்லை கொண்ட லைட் ஹெவிவெயிட் பிரிவில் அவரைவிடச் சிறந்த வீரர் ஒருவர் இதுவரை வந்ததில்லை என்பது என் உறுதியான எண்ணம். அப்படிப்பட்டவர் தமக்குப் பின்னால் வந்த, எடைக்கு மேல்வரம்பே இல்லாத ஹெவிவெயிட் பிரிவு வீரர்களை எதிர்கொண்டிருந்தால் எதுவரை தாக்குப்பிடித்திருப்பார் என்பதை அறியும் ஆசையில், வெவ்வேறு காலத்து வீரர்களை மோதவிட்டு முடிவு சொல்லும் கணினி மென்பொருள் ஒன்றை வாங்கிச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். இந்த மதிப்புரை அதைப் பற்றியது. அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நான் சொல்லவிருக்கும் முக்கியமான குறை, இதற்கு முன் நான் பயன்படுத்திய இவ்வகை மென்பொருள்கள் எல்லாவற்றிலும் இருந்தது என்பதால், ஒன்றன் பெயரை மட்டும் சொல்வது நியாயமாகாது.

இதில் கண்ணைக் கவரும் காட்சிகள் எதுவும் இல்லை. ஒவ்வொரு வீரருக்கும் வேகம், குத்தின் வலிமை, தற்காப்பு, அடி தாங்கும் திறன், மூச்சு வலு, முகத்தில் வெட்டு விழும் வாய்ப்பு, தடுமாறும் எதிரியை முடித்துவிடும் வேட்கை என்று தனித்தனி மதிப்பெண்கள் இருக்கின்றன. எடையையும், எத்தனை சுற்றுகள் என்பதையும், நடுவர் எவ்வளவு கண்டிப்பானவர் என்பதையும் நாமே தீர்மானிக்கலாம். பிறகு போட்டி வரிவரியாகத் திரையில் எழுத்தாக ஓடும். படம் காட்டாமல் எழுத்தில் மட்டும் நடத்துவதை நான் குறையாகக் கருதவில்லை. ஓர் ஆட்டத்தைச் செய்தித்தாளில் படித்தே வளர்ந்த தலைமுறைக்கு அதில் தனிச் சுவை உண்டு.

இந்த ஆசை புதியதும் அன்று. ஹெவிவெயிட் சாம்பியன்களாக இருந்த ராக்கி மார்சியானோவையும் முகமது அலியையும் 1969ஆம் ஆண்டு படப்பிடிப்புக்காக வளையத்துக்குள் நிறுத்தி, கணினி கணித்ததாகச் சொல்லப்பட்ட முடிவை 1970 ஜனவரியில் திரையரங்குகளில் காட்டினார்கள். அமெரிக்காவில் காட்டப்பட்ட வடிவில் மார்சியானோ 13ஆம் சுற்றில் அலியை வீழ்த்தினார். ஐரோப்பாவில் காட்டப்பட்ட வடிவில் அலி வென்றார். அந்தப் படம் வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, 1969 ஆகஸ்ட் 31 அன்று, மார்சியானோ விமான விபத்தில் இறந்துபோயிருந்தார். பார்ப்பவர் விருப்பத்துக்கேற்ப முடிவு மாறிய அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால், இன்றைய மென்பொருள் எவ்வளவோ நேர்மையானது. நாம் கொடுக்கும் எண்களுக்கு ஏற்ற விடையைத்தான் அது தருகிறது.

சார்லஸைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனென்றால் லைட் ஹெவிவெயிட் பட்டத்தை அவர் ஒருபோதும் வென்றதில்லை. அந்தப் பட்டத்துக்காக மோதும் வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை. பின்னாளில் அந்தப் பட்டத்தை நெடுங்காலம் வைத்திருந்த ஆர்ச்சி மூரை 1946, 1947, 1948 ஆகிய மூன்று ஆண்டுகளில் மூன்று முறை தோற்கடித்தார். மூன்றாவது முறை எட்டாம் சுற்றில் நாக் அவுட். அதே பட்டத்தை வென்ற ஜோயி மாக்சிமை ஐந்து முறை சந்தித்து ஐந்து முறையும் வென்றார். 1940களின் நடுவில் பட்டத்தை வைத்திருந்த கஸ் லெஸ்நெவிச், 1949இல் ஹெவிவெயிட் பட்டப் போட்டியில் அவரிடம் தோற்றார். பட்டம் வாய்க்காத நிலையில்தான் சார்லஸ் மேலே உள்ள பிரிவுக்குப் போனார். 1949 ஜூனில் சிகாகோவில் ஜெர்சி ஜோ வால்காட்டை வென்று, ஓய்வு அறிவித்த ஜோ லூயிஸ் விட்டுச்சென்ற இடத்துக்கு உரிமை கோரினார். எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துப் பார்த்தாலும் அந்த இடது கையின் ஜாப்பும் (முன்கையைச் சட்டென நீட்டி அடிக்கும் குத்து), உடனே பின்தொடரும் வலக்கை நேர்க்குத்தும், எதிரியின் கைக்கு எட்டாமல் அரையடி நகர்ந்து நின்று திருப்பி அடிக்கும் கணக்கும் பழசாகவே இல்லை. "சின்சினாட்டி நாகம்" என்று அவரை அழைத்தது சும்மா அன்று.

எந்த மென்பொருளையும் நம்புவதற்கு முன், நடந்து முடிந்த போட்டிகளைக் கொடுத்து அது சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பதுதான் முறை. ஆகவே, லைட் ஹெவிவெயிட் வீரர்கள் உண்மையிலேயே ஹெவிவெயிட் சாம்பியன்களைச் சந்தித்த போட்டிகளை ஒவ்வொன்றாகப் பலமுறை ஓட்டினேன். 1970 நவம்பரில் டெட்ராய்ட்டில் ஜோ ஃப்ரேசியர், 188 பவுண்டு எடையில் வந்த பாப் ஃபாஸ்டரை இரண்டாம் சுற்றில் படுக்கவைத்தார். மென்பொருளும் அந்தப் போட்டியை ஆரம்பச் சுற்றுகளிலேயே முடித்துவிடுகிறது. 1972இல் அதே ஃபாஸ்டர் ஏறத்தாழ 40 பவுண்டு குறைந்த எடையோடு அலியை எதிர்த்து, பலமுறை விழுந்து எழுந்து எட்டாம் சுற்றில் தோற்றார். ஆனாலும் அவருடைய ஜாப் அலியின் முகத்தைக் கிழித்தது. அந்தப் போட்டியைத் திரும்ப ஓட்டும்போது அலியின் கண்ணருகே வெட்டு விழுவதாக வரும் வரியை ஒரு முறை படித்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1985 செப்டம்பரில் மைக்கேல் ஸ்பிங்க்ஸ், 48 போட்டிகளில் தோல்வியே காணாத லாரி ஹோம்ஸைப் புள்ளிகளில் வென்றதையும் இது ஓரளவு ஏற்கிறது. பல முறை ஹோம்ஸ் நூலிழையில் வெல்கிறார், சில முறை ஸ்பிங்க்ஸ். மூன்று நடுவர்களும் 143-142, 143-142, 145-142 என்று தீர்ப்பெழுதிய போட்டிக்கு அதுதான் பொருத்தமான விடை. 1988இல் மைக் டைசன் 91 விநாடிகளில் ஸ்பிங்க்ஸை முடித்ததுபோல இதில் பெரும்பாலும் நடப்பதில்லை, நான்கைந்து சுற்றுகளாவது நீள்கிறது. அதை நான் பெரிய பிழையாக எண்ணவில்லை, ஏனென்றால் அன்று ஸ்பிங்க்ஸ் உள்ளே வரும்போதே அவர் முகத்தில் இருந்ததை எந்த மதிப்பெண்ணாலும் அளக்க முடியாது.

சார்லஸ் உண்மையில் சந்தித்த பெரிய உடல் என்றால் அது ஜோ லூயிஸ்தான். 1950 செப்டம்பர் 27, யாங்கி ஸ்டேடியம். சார்லஸ் 184½ பவுண்டு, லூயிஸ் 218. இடையில் 33½ பவுண்டு. படத்தை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால், லூயிஸ் ஜாப் வீசத் தோளை அசைப்பதற்கு முன்பே சார்லஸின் இடது கை அங்கே போய்ச்சேர்ந்துவிடுவதைக் காணலாம். சுற்றுகள் போகப்போக லூயிஸின் இடக்கண் வீங்கி மூடிக்கொண்டே வருகிறது. 14ஆம் சுற்றில் லூயிஸ் கிட்டத்தட்ட விழுந்துவிடும் நிலைக்கு வருகிறார். 15 சுற்றுகளும் முடிந்து ஒருமனதான தீர்ப்பு. லூயிஸுக்கு அப்போது 36 வயது, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பட்டப் போட்டி எதிலும் இறங்காதவர் என்பதை மறைக்கக் கூடாது. தம் இளமைக்கால நாயகனையே அடிக்க வேண்டியிருந்தது சார்லஸுக்கு. மென்பொருளில் அந்த 1950ஆம் ஆண்டு லூயிஸை வைத்து ஓட்டினால் சார்லஸ் வசதியாக வெல்கிறார். 1938ஆம் ஆண்டு லூயிஸை வைத்தால் பெரும்பாலும் சார்லஸ் பிந்திய சுற்றுகளில் விழுகிறார். இரண்டும் எனக்குச் சரியென்றே படுகின்றன. ஒரே வீரரைக் காலவாரியாகப் பிரித்துக் கொடுத்திருப்பது இந்த மென்பொருளின் தலைசிறந்த பண்பு. சார்லஸுக்கும் அப்படிப் பிரித்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் 1950களின் பிற்பகுதியில், உடல் ஒத்துழைக்காத காலத்தில் அவர் வரிசையாகச் சந்தித்த தோல்விகள் அவருடைய நல்ல நாள்களின் மதிப்பெண்களையும் கீழே இழுத்திருக்கும். தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோயால் அவர் 1975இல், 53 வயதில், இறந்தார். அந்தக் கடைசி ஆண்டுத் தோல்விகளை வைத்து அவரை எடைபோடுகிறவர்களை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடிந்ததில்லை.

அடுத்தது எடை. சார்லஸைப் பிற்கால வீரரோடு மோதவிடும்போது அவருக்கு எந்த எடையைக் கொடுப்பது? மென்பொருள் எந்த எண்ணைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறது. 185ஐ 215 ஆக்கினால் குத்தின் வலிமையைக் கூட்டி, வேகத்தைச் சிறிது குறைத்து, வேலை முடிந்தது என்று நினைக்கிறது. மனித உடல் அப்படி இயங்குவதில்லை. ஆறடி உயரமும் 73 அங்குலக் கைவீச்சும் உள்ள ஒருவர் முப்பது பவுண்டு ஏற்றினால், அந்தச் சுமையை 12 சுற்றுகளும் தூக்கிச் சுமப்பவை அதே கால்கள்தான், அதே நுரையீரல்தான். கூடுதல் எடைக்கு உண்மையான சான்று வேண்டுமென்றால் ஸ்பிங்க்ஸைப் பார்க்கலாம்: 175 பவுண்டிலிருந்து சில மாதங்களில், கவனமான உணவும் எடைப் பயிற்சியுமாக, 200 பவுண்டுக்கு ஏறி ஹோம்ஸின் முன் நின்றார், கால்கள் அவரைக் கைவிடவில்லை. ஆனால் அவர் சார்லஸைவிட உயரமானவர். லைட் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த ராய் ஜோன்ஸ் 2003 மார்ச்சில் 193 பவுண்டு எடையில் 226 பவுண்டு ஜான் ரூயிஸை வென்றதும் இதே அளவில்தான். ஆகவே சார்லஸுக்கு 200 என்பது நான் ஒப்புக்கொள்ளும் உச்ச எல்லை. அதற்கு மேல் ஏற்றுவது வேறொரு மனிதரை உருவாக்கி அவருக்குச் சார்லஸ் என்று பெயர் வைப்பதாகும். மென்பொருள் தானாகவே ஓர் எல்லையை எச்சரித்துக் காட்டியிருக்க வேண்டும். காட்டுவதில்லை.

1960 முதல் 1980கள் வரையிலான ஹெவிவெயிட் வீரர்களோடு 190 பவுண்டுச் சார்லஸை ஓட்டியபோது கிடைத்த விடைகள் பெரும்பாலும் என் கணிப்போடு ஒத்துப்போயின. அதே அளவு உடல் கொண்ட ஃப்ளாய்ட் பாட்டர்சனை அவர் தெளிவாக வெல்கிறார். சோனி லிஸ்டனிடம் தோற்கிறார். 84 அங்குலக் கைவீச்சோடு வரும் அந்த ஜாப்பைக் கடந்து உள்ளே போவதற்குள் பாதிப் போட்டி முடிந்துவிடுகிறது. ஃப்ரேசியரோடு மோதல் இருபுறமும் சாயக்கூடியதாக இருக்கிறது; மார்சியானோவுடன் முழு 15 சுற்றுகளும் நின்ற ஒரே மனிதர் சார்லஸ் என்பதை நினைவில் வைத்தால், விடாமல் உள்ளே வந்து அடிக்கும் ஒருவரிடம் அவர் எளிதில் சரியமாட்டார் என்பது புரியும். 1954 செப்டம்பரில் நடந்த இரண்டாவது போட்டியில் மார்சியானோவின் மூக்கைப் பிளந்தவர் அவர். எட்டாம் சுற்றில் நாக் அவுட் ஆகாமல் இன்னும் சிறிது தாக்குப்பிடித்திருந்தால், அந்தக் காயத்துக்காகவே நடுவர் போட்டியை நிறுத்தியிருக்கக் கூடும். ஜார்ஜ் ஃபோர்மேனுடன் விரைவில் தோல்வி. அலியிடம் புள்ளிகளில் தோல்வி. டைசனைப் பற்றிய விடையில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை: மென்பொருள் சார்லஸை மிக அடிக்கடி கடைசி வரை கொண்டுசெல்கிறது. 1951 ஜூலையில் பிட்ஸ்பர்க்கில் வால்காட்டின் ஒற்றை இடது ஹூக் (பக்கவாட்டில் வளைத்து அடிக்கும் குத்து), சார்லஸை ஏழாம் சுற்றில் முகங்குப்புறச் சாய்த்தது. டைசனின் ஹூக் அதைவிட வேகமானது, அதற்குப் பின்னால் இன்னொன்றும் வரும்.

எத்தனை சுற்றுகள் என்பதை மாற்றிப் பார்ப்பதை மட்டும் யாரும் தவறவிடக் கூடாது. சிறிய உடல் கொண்டவருக்கு 12 சுற்றுகளும் 15 சுற்றுகளும் ஒன்றல்ல. 1941 ஜூனில், லைட் ஹெவிவெயிட் பட்டத்தை அப்போதுதான் துறந்திருந்த பில்லி கான், 12 சுற்றுகள் முடிந்தபோது லூயிஸை விட இரண்டு நடுவர்களின் கணக்கில் முன்னிலையில் இருந்தார். மூன்றாவது கணக்கில் சமன். 13ஆம் சுற்றில் நாக் அவுட் வாங்கினார். இன்றைய விதிப்படி 12 சுற்றுகளோடு முடிந்திருந்தால் அன்று பட்டம் கை மாறியிருக்கும். சார்லஸ்–ஃப்ரேசியர் மோதலை 12 சுற்றுகளில் வைத்தால் சார்லஸ் பக்கமும், 15 சுற்றுகளில் வைத்தால் ஃப்ரேசியர் பக்கமும் சாய்வதைக் கண்டேன்.

பிரச்சினை 1990களுக்குப் பிந்தைய பேருடல் வீரர்களிடம் வரும்போதுதான் தொடங்குகிறது. ஆறடி ஆறங்குல உயரம் கொண்ட விளாடிமிர் கிளிட்ச்கோவோடு சார்லஸை ஓட்டினால், மென்பொருள் ஏறக்குறைய பாதி முறை சார்லஸுக்கு வெற்றி தருகிறது. ஆறடி ஒன்பதங்குல டைசன் ஃபியூரியையும் சில முறை புள்ளிகளில் தோற்கடிக்கிறார். சார்லஸின் மீது எனக்குள்ள அன்பு இந்த முடிவை ஏற்றுக்கொள்ளத் துடிக்கிறது. ஆனாலும் இது தவறு. தவறு எங்கே என்று தேடியபோது, திரையில் ஓடும் எழுத்தைக் கவனித்துப் படித்ததில் பிடிபட்டது. "இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், நடுவர் விலக்குகிறார்" என்ற வரி வரும்போதெல்லாம், இருவரின் மூச்சுக் கணக்கும் சமமாகக் கொஞ்சம் ஏறுகிறது. அதாவது கிளிஞ்ச் என்பது மென்பொருளுக்கு இருவருக்குமான ஓய்வு.

அறுபது, எழுபது பவுண்டு கூடுதல் எடை உள்ளவர் கழுத்தின்மேல் கையைப் போட்டுச் சாய்ந்தால், அடியில் இருப்பவருக்கு அது ஓய்வே இல்லை. 2013 அக்டோபரில் மாஸ்கோவில் கிளிட்ச்கோ அலெக்சாண்டர் பொவெட்கினை எதிர்கொண்ட போட்டியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜாப் வீசுவது, உள்ளே வந்தால் தலையைக் கக்கத்தில் அமுக்கி முழு எடையையும் முதுகில் இறக்குவது, விலக்கியதும் மறுபடி ஜாப். இதையே 12 சுற்றுகளும் செய்து, மூன்று நடுவர்களிடமும் 119-104 என்று வென்றார். 2020 பிப்ரவரியில் 273 பவுண்டு ஃபியூரி, 231 பவுண்டு டியான்டே வைல்டரின் கால்களை இதே முறையில் கரைத்து, ஏழாம் சுற்றில் வேலையை முடித்தார். பொவெட்கினும் வைல்டரும் 200 பவுண்டுக்கு மேற்பட்டவர்கள். 185 பவுண்டு சார்லஸ், உள்ளே புகுந்து உடலில் குத்திவிட்டு வெளியேறும் ஒவ்வொரு முறையும் அந்தப் பாரத்தைத் தோளில் ஏந்த வேண்டியிருக்கும். ஏழெட்டுச் சுற்றுகளில் அவருடைய கால்கள் கனத்துவிடும்; அரையடி நகர்ந்து அடிக்கும் அவருடைய கலை கால்களில்தான் இருக்கிறது. லூயிஸும் அவரைவிட 33½ பவுண்டு கூடுதல்தான், ஆனால் லூயிஸ் அந்த எடையை எதிரியின் மேல் சாய்க்கும் பழக்கம் உள்ளவரல்லர், குத்துவதற்கே வந்தவர். எடை வித்தியாசத்தைவிட அந்த எடையை எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. இந்த ஒன்றை மென்பொருள் அறியவே இல்லை. நடுவரை மிகக் கண்டிப்பானவராக மாற்றினால் விடையில் சிறிது வித்தியாசம் தெரிய வேண்டும் அல்லவா? தெரிவதில்லை.

2024 மே மாதத்தில் ஒலெக்சாண்டர் உசிக் 223½ பவுண்டு எடையில் 262 பவுண்டு ஃபியூரியை வென்றாரே, சிறியவர் பெரியவரை வெல்வது இன்றும் நடக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் உசிக் ஆறடி மூன்றங்குலம், 78 அங்குலக் கைவீச்சு, இடக்கை நிலையில் நிற்பவர், முன்பு 200 பவுண்டுப் பிரிவில் எல்லாப் பட்டங்களையும் ஒன்றாக வைத்திருந்தவர். சார்லஸைவிடக் கிட்டத்தட்ட நாற்பது பவுண்டு கூடுதல். உசிக்கின் வெற்றி காட்டுவது எந்த எல்லைவரை சிறியவரால் போக முடியும் என்பதை. சார்லஸ் அந்த எல்லைக்கும் கீழே இருக்கிறார்.

மற்றொரு மதிப்பெண் என்னை வெகுநேரம் யோசிக்கவைத்தது. முடித்துவைக்கும் வேட்கை என்ற கட்டத்தில் சார்லஸுக்கு நடுத்தரமான எண்ணையே கொடுத்திருக்கிறார்கள். 1948 பிப்ரவரியில் சிகாகோவில் சார்லஸோடு மோதிய சாம் பரூடி என்ற இளைஞர் அந்தப் போட்டியில் ஏற்பட்ட காயத்தால் இறந்துபோனார். அதற்குப் பிறகு சார்லஸ், தடுமாறும் எதிரியை முன்போலத் துரத்தி அடிக்கவில்லை என்று அவரை அருகிருந்து பார்த்தவர்கள் பலரும் சொன்னார்கள். ஹெவிவெயிட் பட்டத்தை வைத்திருந்த சார்லஸ் எச்சரிக்கையானவர், கூட்டத்தைக் குஷிப்படுத்தாதவர் என்ற பெயரே அவருக்கு நிலைத்தது. 1947ஆம் ஆண்டுச் சார்லஸைத் தேர்ந்தெடுத்து, அந்த மதிப்பெண்ணை மட்டும் கையால் உயர்த்தி ஓட்டினேன். பாட்டர்சன் முழுப் போட்டி நிற்கவில்லை. ஃப்ரேசியரும் ஒரு முறை பத்தாம் சுற்றில் விழுந்தார். எண்ணை மறுபடியும் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்தேன். அந்த இளைஞரின் மரணத்துக்கு முந்தைய சார்லஸ் எப்படிப்பட்டவர் என்பதை என் கையால் எழுதி நிரப்புவது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை.

சிறிய குறைகளும் உண்டு. வருணனை வரிகள் விரைவில் திரும்பத் திரும்ப வரத் தொடங்குகின்றன. வெட்டுக்காயம் விழுந்த வீரருக்கு இடைவேளையில் செய்யப்படும் சிகிச்சை எல்லாக் காலத்துக்கும் ஒரே தரத்தில் இருக்கிறது. நீண்ட தொடர் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தபோது சேமித்து வைத்தவை ஒரு முறை அழிந்துபோயின, ஆகையால் முக்கியமான முடிவுகளைத் தனியே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

வாங்கலாமா என்று கேட்டால், 1920களிலிருந்து 1980கள் வரையிலான வீரர்களைத் தமக்குள் மோதவிட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். அந்தக் காலப் போட்டிகளை இது ஆச்சரியப்படும் அளவுக்குப் புரிந்துவைத்திருக்கிறது. கிளிட்ச்கோ, லெனாக்ஸ் லூயிஸ், ஃபியூரி போன்றவர்களை நுழைக்கும்போது பெரியவரின் எதிரிக்கு மூச்சு வலு மதிப்பெண்ணை நீங்களே இரண்டு படி குறைத்துக்கொள்ளுங்கள். அப்படிக் குறைத்ததும் சார்லஸ் ஃபியூரியை ஒரு முறைகூட வெல்லவில்லை, கிளிட்ச்கோவிடமும் ஒன்பதாம் சுற்றுக்குப் பிறகு சரிந்தார். முதலில் எந்தப் போட்டியை ஓட்டுவது என்று தெரியாதவர்கள், 1949ஆம் ஆண்டுச் சார்லஸை 195 பவுண்டு எடையில், 1980ஆம் ஆண்டு லாரி ஹோம்ஸோடு, 15 சுற்றுகளுக்கு ஓட்டிப் பாருங்கள். ஜாப்புக்கு ஜாப், யாரும் யார்மேலும் சாயாத போட்டி. எனக்கு அது பெரும்பாலும் கடைசிச் சுற்று வரை போகிறது. ஹோம்ஸ் ஒரு புள்ளியில் முன்னிலையில் இருக்க, பதினைந்தாம் சுற்றுக்கான மணி அடிக்கும் அந்த வரியில் ஒவ்வொரு முறையும் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.